கூட்டுத்தொகையை மட்டும் நம்பாதே

கண்ணு,

லேசர் ஆய்வகத்தில் சேர உனக்கு ஆணை வந்துவிட்டது என்று உன் அம்மா போனில் சொன்னாள். ஆய்வுத் தலைப்பையும் சொன்னாள். பல மோடுகள் சேர்ந்து இயங்கும் லேசர், இருட்டிலிருந்து ஒளிக்கு வரும் அந்தத் தொடக்க வேளை. பலரும் தாண்டிப் போகிற இடம் அது. லேசர் நிலைபெற்ற பிறகுதான் அளக்க உட்காருவார்கள்; அதற்கு முன் நடந்ததை ‘வார்ம்-அப்’ என்று சொல்லி ஒதுக்கிவிடுவார்கள். நீ அங்கேயே நிற்கப் போகிறாய் என்று கேட்டதும் எனக்கு மனம் நிறைந்துவிட்டது. சேலம், நாமக்கல் பக்கத்துக் கல்லூரி ஆய்வகங்களில் என் காலம் போயிற்று. அங்கே பார்த்ததையும், பிறர் பட்டதைப் பார்த்துத் தெரிந்துகொண்டதையும் எழுதுகிறேன். சூத்திரங்கள் புத்தகத்தில் இருக்கின்றன. அவற்றுக்கு முன்னால் எப்படி உட்கார வேண்டும் என்பதை அத்தை சொல்கிறேன்.

1. முதலில் கண். பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் லேசர் அறைக்குள் கால் வைக்காதே. நியோடிமியம் யாக் லேசரின் ஒளி 1064 நானோமீட்டர். அது உன் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் உன் விழி அதை விழித்திரையில் ஒரு புள்ளியாகக் குவித்துவிடும். இயந்திரத்தின் மேல் ஒட்டியிருக்கும் வாட் கணக்கு, லேசர் நிலைபெற்ற பிறகு வரும் சராசரி. தொடங்கும்போது எழும் முதல் ஒளிமுள் அதைவிடப் பல மடங்கு உயரும். ஆகவே ஆபத்து அதிகமுள்ள நேரம் நீ ஸ்விட்சைத் தொடும் நேரம்தான். எனக்குத் தெரிந்த ஒரு பையன், சித்திரை வெயிலில் கண்ணாடி வேர்த்து மங்குகிறது என்று ஒரு நிமிடம் கழற்றினான். இன்றும் அவன் படிக்கும் வரியின் நடுவில் ஓர் எழுத்து மறைந்துதான் தெரிகிறது. கண் கெட்ட பின் சூரிய நமஸ்காரம் எதற்கு? வேர்த்தால் லேசரை நிறுத்து, கண்ணாடியைத் துடை, பிறகு தொடங்கு. கடைத்தெருவில் விற்கும் பச்சை லேசர் டார்ச்சையும் இலேசாக நினைக்காதே. பெரும்பாலும் அதன் உள்ளே இருப்பவையும் 1064ஐ உண்டாக்கி, அதைப் பாதியாக்கி 532 ஆக்கும் படிகங்கள்தான். வடிகட்டி இல்லாத மலிவுச் சரக்கில், பச்சையோடு சேர்ந்து கண்ணுக்குத் தெரியாததும் வெளியே வருகிறது.

2. ஒன்றும் நடக்காத நேரத்துக்குப் பழகு. மின்சாரம் கொடுத்த உடனே லேசர் ஒளி வராது. அணுக்கள் கிளர்ச்சி நிலைக்கு ஏறிச் சேர்ந்துகொண்டே இருக்கும். ஆடிகளுக்கு இடையில் ஒளி ஒரு சுற்று போய்வரும்போது கிடைக்கும் பெருக்கம், அந்தச் சுற்றில் ஏற்படும் இழப்பை எட்டும் வரை வெளியே இருட்டுதான். அந்த எல்லையைத்தான் ஆய்வகத்தில் த்ரெஷோல்டு என்கிறோம். காத்திருப்பு எவ்வளவு என்பது பெரும்பாலும் அணு எவ்வளவு நேரம் கிளர்ச்சியில் நிற்கும் என்பதைப் பொறுத்தது. மாணிக்கப் படிகத்தில் அது சுமார் 3 மில்லிநொடி, நியோடிமியம் யாக்கில் சுமார் 230 மைக்ரோநொடி, டையோடு லேசரில் சில நானோநொடி. புதிதாக வருபவர்கள் சி.ஆர்.ஓ. திரையில் தட்டையான கோட்டைப் பார்த்ததும் ஆடியைத் திருகப் போய்விடுவார்கள். நன்றாக இருந்த ஒழுங்கமைப்பு அதோடு போகும். பிறகு அன்றைய பகல் முழுவதும் அதை மீட்கவே சரியாகிவிடும். பதறிய காரியம் சிதறும். திரையின் நேர அளவைக் கூட்டிப் பார், கையைக் கட்டிக்கொள், காத்திரு.

3. முதல் துள்ளலைப் பிழை என்று எண்ணாதே. த்ரெஷோல்டைத் தாண்டும்போது உள்ளே ஒளி மிகக் குறைவு. அது வளர்வதற்குள் கிளர்வுற்ற அணுக்கள் தேவைக்கு மேல் குவிந்துவிடுகின்றன. அப்புறம் ஒளி ஒரே மூச்சில் எழுந்து, குவிந்ததையெல்லாம் தின்று, தன் காலுக்குக் கீழே இருந்ததையும் தின்றுவிடுகிறது. பெருக்கம் போதாமல் ஒளி விழும், அணுக்கள் மீண்டும் சேரும், மீண்டும் எழும். ஒவ்வொரு முறையும் துள்ளல் சிறுத்து, கடைசியில் அமைதிக்கு வரும். இதைத் தளர்வு அலைவு என்கிறோம். நியோடிமியம் யாக்கில் இது நொடிக்கு ஒரு லட்சம் முறை என்ற அளவில் இருக்கும். டையோடில் நூறு கோடிக்கணக்கில். தியோடர் மைமன் 1960 மே 16இல் முதல் லேசரை இயக்கினார். அதே ஆண்டு பெல் ஆய்வகத்தார் மாணிக்க லேசர் பற்றி வெளியிட்ட கட்டுரையின் தலைப்பிலேயே இந்தத் தளர்வு அலைவு இடம் பிடித்திருக்கிறது. பிறந்த வருடத்திலேயே லேசர் தன் குணத்தைக் காட்டிவிட்டது. எல்லா லேசரும் இப்படித் துள்ளாது. ஹீலியம் நியானில் அணு சீக்கிரம் இறங்கிவிடும், ஒளி அதைவிட நீண்ட நேரம் ஆடிகளுக்கு இடையில் தங்கும். அதனால் அது துள்ளாமல் ஏறி நிற்கும். உன் லேசர் எந்தக் குலம் என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொள்.

சேலம் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் கொலுசுப் பட்டறை ஒன்றில் லேசர் சால்டரிங் மெஷின் பார்த்திருக்கிறேன். பொடி வைத்து ஊதிப் பற்றவைத்த கைகள் இப்போது நுண்நோக்கிக் குழலுக்குள் பார்த்துக் காலால் மிதியை அழுத்துகின்றன. வெள்ளி, அந்த மெஷினின் அகச்சிவப்பு ஒளியில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் திருப்பி எறிந்துவிடும். மேற்பரப்பு உருகத் தொடங்கினால்தான் பிடிக்கும். அந்த முதல் பிடிப்புக்கு, துடிப்பின் தொடக்கத்தில் உயரமான ஒரு முள் வேண்டும். அங்கே வேலை செய்யும் அண்ணன் இதைச் சமன்பாடு இல்லாமல் தெரிந்து வைத்திருந்தார்: “மொத அடி பலமா இருக்கணுங்க, அப்பறம் மெதுவா விட்டாப் போதும்.” நீ படிக்கப் போகும் பொருளின் பாதி அந்த வாக்கியத்தில் இருக்கிறது. பட்டறைக்காரர்களிடம் கேட்கக் கூச்சப்படாதே.

4. ஸ்விட்ச் போடும் முன் தாளில் கணக்குப் போடு. ஆடிகளுக்கு இடையில் அரை அலைநீளங்கள் முழு எண்ணாகப் பொருந்தும் அதிர்வெண்கள்தான் மோடுகள். முப்பது சென்டிமீட்டர் ஹீலியம் நியான் குழாயில் மோடுக்கு மோடு இடைவெளி 500 மெகாஹெர்ட்ஸ். வாயு பெருக்கித் தரும் அகலம் சுமார் 1500. ஆக மூன்று மோடு நிற்க இடமுண்டு. 300 மைக்ரோமீட்டர் நீளமுள்ள டையோடில் இடைவெளி சுமார் 140 ஜிகாஹெர்ட்ஸ், ஆனாலும் பெருக்க அகலம் அதைவிட மிகப் பெரிது. பல மோடுகள் வரிசையில் நிற்கும். இந்தக் கணக்குக்கு ஐந்து நிமிடம் போதும். அதைப் போடாமல் திரையைப் பார்ப்பவன் எதைப் பார்க்கிறோம் என்று தெரியாமலே பார்க்கிறான்.

5. விலையுயர்ந்த கருவி வரும் வரை சும்மா இராதே. எந்தக் கல்லூரியிலும் கீற்றணிச் சோதனைக்கு வாங்கிய ஹீலியம் நியான் குழாய் ஒன்று அலமாரியில் இருக்கும். முனைவாக்கம் நிலைநிறுத்தப்படாத வகையா என்று பார்த்துக்கொள். அதன் முன் ஒரு போலராய்டு துண்டு, அதன் பின் ஒரு போட்டோடையோடு, ஒரு மல்டிமீட்டர். குழாய் குளிர்ந்திருக்கும்போது ஸ்விட்ச் போடு. அளவு ஏறும், இறங்கும், மறுபடி ஏறும். முதலில் சில நொடிக்கு ஒரு முறை; குழாய் சூடு நிதானத்துக்கு வர வர, நிமிடத்துக்கு ஒரு முறை.

காரணம் இதுதான். குழாய் சூடாகி நீள்கிறது. அரை அலைநீளம், அதாவது 316 நானோமீட்டர் நீண்டால், ஒரு மோடு இருந்த இடத்துக்கு அடுத்த மோடு வந்துவிடும். கண்ணாடிக் குழாய் ஒரு டிகிரிக்குச் சுமார் ஒரு மைக்ரோமீட்டர் நீளும். அப்படியானால் டிகிரிக்கு மூன்று மோடுகள் வரிசையாக வந்து போகின்றன. அடுத்தடுத்த மோடுகள் ஒன்றுக்கொன்று செங்குத்தாக முனைவாக்கம் பெற்றிருப்பதால், போலராய்டு அவற்றைப் பிரித்துக் காட்டுகிறது. இப்போது போலராய்டை எடுத்துவிடு. அந்தப் பெரிய ஏற்றஇறக்கம் போய்விடும்; அளவு ஏறத்தாழ ஒரே நிலையில் நிற்கும். உள்ளே அதே ஊர்வலம் நடந்துகொண்டுதான் இருக்கிறது. மாணவர்களிடம் நான் முதலில் செய்யச் சொல்வது இந்தச் சோதனையைத்தான். இதைத் தன் கையால் செய்தவர்கள் ‘லேசர் ஸ்டெடியா இருக்கு’ என்று அவ்வளவு எளிதில் சொல்வதில்லை.

6. கூட்டுத்தொகை அமைதியாக இருக்கிறது என்றால், உள்ளே அமைதி என்று பொருள் கொள்ளாதே. கண்ணு, இந்தக் கடிதத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க வேண்டுமென்றால் இதை வை.

நம் ஊரில் பங்காளிகள் நாலு பேருக்கு ஒரு கூட்டுக் கிணறு இருக்கும். ஆளுக்கு ஒரு நாள் முறை. கிணற்று மேட்டில் நின்று பார்ப்பவனுக்குத் தினமும் ஒரே அளவு தண்ணீர் போவதுதான் தெரியும். வாய்க்கால் வழியே நடந்து போனால்தான் இன்று யார் காடு நனைகிறது, யார் காடு காய்கிறது என்று தெரியும். மோடுகளும் ஒரே படிகத்தின் பெருக்கத்தைப் பங்கு போட்டுக்கொள்பவை. ஒவ்வொரு மோடும் நிலையலையாக நிற்பதால், தன் அலை உயர்ந்த இடத்தில் மட்டும் அணுக்களைத் தின்னும். தாழ்ந்த இடத்தில் மிச்சம் இருக்கும். அந்த மிச்சத்தில் இன்னொரு மோடு பிழைத்துக்கொள்ளும். டாங், ஸ்டாட்ஸ், டிமார்ஸ் மூவரும் 1963இல் இதற்குச் சமன்பாடுகள் எழுதினார்கள். அவற்றை நீயே கையால் தீர்த்துப் பார். மோடுகள் எத்தனையோ அத்தனை அலைவு அதிர்வெண்கள் கிடைக்கும். எல்லாவற்றையும் கூட்டினால் பெரும்பாலும் அதிவேக அலைவு ஒன்று மட்டுமே மிஞ்சும். மெதுவானவை எதிரெதிர் கட்டத்தில் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். ஆக, லேசர் தொடங்கும்போது மொத்த ஒளி சீக்கிரம் படிந்துவிடும். அதற்குப் பிறகும் வெகுநேரம் மோடுகளுக்குள் பங்கீடு நடந்துகொண்டே இருக்கும். மொத்தத்தை மட்டும் அளந்தவன் வேலை முடிந்ததென்று எழுந்து போயிருப்பான்.

1986இல் தாமஸ் பேயர் என்ற ஆய்வாளர் ஒரு சிக்கலை வெளியிட்டார். அகச்சிவப்பில் ஒழுங்காக இருந்த லேசர், பச்சையாக்கும் படிகத்தை உள்ளே வைத்ததும் தாறுமாறாகத் துடித்தது. பச்சை ஒளி உண்டாகும்போது மோடுகள் இரண்டிரண்டாகவும் கலக்கின்றன. அதனால் ஒன்றின் ஏற்றம் மற்றொன்றின் இழப்பாகிறது. துறையில் இதற்குப் ‘பச்சைச் சிக்கல்’ என்றே பெயர் நின்றுவிட்டது. டெல்லிப் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு அமெரிக்கா போன ரஜர்ஷி ராய், ஜார்ஜியா டெக்கில் தன் மாணவர்களோடும் இயற்பியலாளர் வீசன்ஃபெல்டோடும் சேர்ந்து இந்தச் சிக்கலை எடுத்துக்கொண்டார். மோடுகளைத் தனித்தனியே பிரித்துப் பார்த்தார்கள். 1990இல் அவர்கள் காட்டியது, மோடுகள் ஒரே வடிவத் துடிப்பை ஆளுக்கு ஒரு முறை வைத்து எழுப்புகின்றன என்பது. படிகங்களைச் சரியான கோணத்தில் திருப்பி அந்தக் குழப்பத்தை அடக்கவும் அதே ஆண்டில் வழி சொன்னார்கள். விலை உயர்ந்த கருவியை விட, ‘மொத்தத்தைப் பார்த்தது போதும், ஒவ்வொன்றாகப் பார்ப்போம்’ என்று எடுத்த முடிவுதான் அங்கே பெரிது என்று நான் நினைக்கிறேன்.

7. சராசரி பட்டனைத் தொடும் முன் யோசி. இன்றைய சி.ஆர்.ஓ.வில் ‘ஆவரேஜ்’ என்று ஒரு பட்டன் உண்டு. நூறு தொடக்கங்களை எடுத்து, ஓர் அழகான வழுவழுப்பான கோடாகத் தரும். அந்தக் கோடு போல எழுந்த தொடக்கம் அந்த நூறில் ஒன்றுகூட இருக்காது. ஏனென்றால் ஒவ்வொரு மோடும் தன்னிச்சை உமிழ்வில் தற்செயலாக விழுந்த சில போட்டான்களிலிருந்து வளர்கிறது. எந்த மோடுக்கு இந்தத் தடவை முதலில் கிடைத்தது என்பது தடவைக்குத் தடவை மாறும். அதனால் எழும் நேரமும் மாறும், யார் முந்துகிறார் என்பதும் மாறும். இத்தாலியில் அரேக்கி குழுவினர் 1967இலேயே, லேசர் எழும் வேளையில் போட்டான் எண்ணிக்கையின் பரவல் எப்படி விரிந்து சுருங்குகிறது என்று அளந்து காட்டினார்கள். அந்தச் சிதறலே உன் தரவு.

இங்கே நேர்மை ஒரு தொழில்நுட்பமாகிறது. ‘சரியாக வந்த’ பதிவுகளை வைத்துக்கொண்டு மீதியை அழிக்கும் பழக்கம் ஆய்வகங்களில் உண்டு. அழிப்பவர்கள் கெட்டவர்களும் இல்லை. வழிகாட்டி அவசரப்படுத்துகிறார், கட்டுரைக்குத் தேதி நெருங்குகிறது. ஒரு பெண் என்னிடம் பதிவுகளைக் கொண்டு வந்தபோது, ஒதுக்கி வைத்தவற்றையும் கேட்டு வாங்கிப் பார்த்தேன். ஒதுக்கியவற்றில்தான் இரண்டாவது மோடு முந்தி எழுந்திருந்தது. நல்லவேளை, அவள் அழிக்கவில்லை. எல்லாவற்றையும் சேமி. ஒன்றைக் கணக்கில் சேர்க்கவில்லை என்றால், ஏன் என்று அதன் பக்கத்திலேயே எழுது.

8. முதல் நொடியில் யாரையும் தரம் பிரிக்காதே. தொடக்கத்தில் நிறமாலை அகலமாக இருக்கும்; பல மோடுகள் கிட்டத்தட்ட சமமாகத் தெரியும். ஒரு சுற்றில் மோடுகளுக்குள் இருக்கும் பெருக்க வேறுபாடு மிகச் சிறியது. சுற்றுகள் கூடக்கூட அது பெருகி, ஓரத்து மோடுகள் பின்தங்கும். டையோடில் ஒரு சுற்றுக்கு ஏழு பிக்கோநொடி போதும். எனவே இதெல்லாம் சில நானோநொடிக்குள் நடந்துவிடும். வருடும் ஃபேப்ரி பெரோ கருவி நிலைபெற்ற லேசருக்கு நல்லது, இந்த வேகத்துக்கு அது ஆகாது. ஒவ்வொரு நிறத்தையும் பிரித்துத் தனித்தனி வேகமான போட்டோடையோடில் விழச்செய்.

9. ஆய்வகத்துக்கு வெளியேயும் இதைப் பார். கிராமத்து வீடுகளில் இணைய இழையின் முனையில் தொங்கும் சின்னப் பெட்டியைக் கவனித்திருக்கிறாயா? அதனுள் 1310 நானோமீட்டரில் ஒளிரும் ஒரு டையோடு லேசர் இருக்கிறது. ஒரே இழையைப் பல வீடுகள் பகிர்வதால், தன் நேரம் வரும்போது மட்டும் அது எழுந்து, பேசி, அணைய வேண்டும். நொடிக்குப் பல நூறு முறை, சில அமைப்புகளில் பல ஆயிரம் முறை எழுகிறது. நீ ஆராயப் போகும் அந்தத் தொடக்க வேளைதான் அது. விலை குறைந்த பெட்டிகள் பலவற்றில் இருப்பது பல மோடு டையோடு. எழும்போது எந்த மோடுக்கு எவ்வளவு பங்கு என்பது துடிப்புக்குத் துடிப்பு மாறும். இழையில் நிறத்துக்கு நிறம் வேகம் வேறு. 1550 நானோமீட்டரில், மூன்று நானோமீட்டர் அகலத்தில் பரந்த ஒளி இருபது கிலோமீட்டர் போனால் சுமார் ஒரு நானோநொடி சிதறும். நொடிக்கு 125 கோடி பிட்டு அனுப்பும்போது ஒரு பிட்டின் நீளமே 0.8 நானோநொடிதான், செய்தி கலங்கிவிடும். 1310இல் சிதறல் ஏறத்தாழ சுழி என்பதால்தான் இந்த மலிவான லேசரை அங்கே வைத்தார்கள்.

நம் ஊர் வெயிலையும் சேர்த்துக்கொள். சிமெண்டு ஷீட்டுக்குக் கீழே மாட்டிய பெட்டி பங்குனி, சித்திரையில் எப்படிக் கொதிக்கும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. டையோடின் வெப்பம் முப்பது டிகிரி ஏறினால் த்ரெஷோல்டு மின்னோட்டம் ஒன்றரை மடங்குக்கு மேல் போகலாம். பழைய அளவிலேயே மின்னோட்டம் இருந்தால் எழுவதற்குத் தாமதம் கூடும், ஒளியும் குறையும். குளிர்சாதன அறையில் எடுத்த அளவு மட்டும் போதும் என்று இருந்துவிடாதே. உன் டையோடை நம் மாவட்டத்து வெப்பத்தில் ஒரு முறை அளந்து பார். அந்த வரைபடம் நம் மக்களுக்குப் பயன்படும்.

10. ‘இங்கே என்ன இருக்கிறது’ என்று சொல்பவர்களோடு அதிக நேரம் உட்காராதே. இன்று பாபா அணு ஆய்வு மையம் எனப்படும் நிறுவனத்தில் 1964லேயே காலியம் ஆர்சனைடு டையோடு லேசர் செய்தார்கள். அடுத்த ஆண்டே அதை வைத்து ட்ராம்பேயிலிருந்து டாட்டா அடிப்படை ஆய்வு நிறுவனம் வரை, சுமார் 20 கிலோமீட்டர், ஒளியில் செய்தி அனுப்பினார்கள். பக்கத்திலேயே திருச்சியில், பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் லட்சுமணன் வளர்த்த நேரியலா இயக்கவியல் பள்ளி இருக்கிறது. முரளி, லட்சுமணன், சுவா மூவர் பெயரில் 1994இல் வந்த மின்சுற்று, சில சில்லறை உறுப்புகளிலேயே குழப்ப இயக்கத்தைக் காட்டுவது. லேசர் மேசைக்கு முன் அந்தச் சுற்றை ஒரு முறை நீயே சால்டர் செய்து பார். அலைவுகள் எப்படிப் பிரிகின்றன, எப்படிச் சேர்கின்றன என்று விரலுக்குத் தெரிந்துவிட்டால், லேசரின் சமன்பாடு உனக்கு அந்நியமாக இருக்காது.

11. முதல் மாதம் எதையும் புதிதாகக் கண்டுபிடிக்க முயலாதே. ஒரே லேசரை, ஒரே மின்னோட்டத்தில், காலையில் ஒரு முறை, உச்சி வெயிலில் ஒரு முறை, இரவில் ஒரு முறை எழுப்பு. மொத்த ஒளிக்கு ஒரு சேனல், ஒவ்வொரு மோடுக்கும் ஒரு சேனல். தேதி, அறை வெப்பம், மின்னோட்டம், கரண்ட் போய் வந்ததா என்பது உட்பட நோட்டில் மையால் எழுது. தீபாவளிக்கு ராசிபுரம் வரும்போது அந்த நோட்டை எடுத்து வா. எந்த மோடு எத்தனை முறை முதலில் எழுந்தது, மொத்தம் படிந்த பிறகும் எது எவ்வளவு நேரம் அலைந்தது என்று திண்ணையில் உட்கார்ந்து இரண்டு பேரும் எண்ணிப் பார்ப்போம்.